கந்தோல்ஃபோ மொட்டையடித்த சரிவு

சிசிலித் தீவில் ஒரு மலையூர்க் காப்பிக்கடை வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் உள்ள ஒலிவத் தோட்டங்கள் எல்லாம் தெரியும். யார் தோட்டத்தில் களை மண்டியிருக்கிறது, யார் சோம்பேறி என்று அங்கே நின்றே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். கந்தோல்ஃபோ அறுபத்திரண்டு வருஷம் வாழ்ந்தது அந்தத் தீர்ப்புக்காகத்தான். வேறு உருப்படியான காரியம் எதுவும் அவன் செய்ததாக ஊருக்கு நினைவில்லை.

அவன் தோட்டத்துக்குக் கீழே இருந்த நிலம் விதவை நுன்சியாவுடையது. மாரிக்காலம் வந்தால் அவள் மரங்களுக்கடியில் காட்டுச் சாமந்தி ஆரஞ்சு நிறத்தில் விரிந்து கிடக்கும். அவள் அதைத் தொடமாட்டாள்.

"விவசாயமா அது? பூக்கடை!" என்பான் கந்தோல்ஃபோ.

அந்த ஜனவரியில் தன் சரிவு முழுக்கக் களைமருந்தடித்துக் கடைசிச் செடிவரை கருக்கினான். "ஒரு எறும்பு போனாலும் இங்கேருந்து தெரியும்யா!" என்று கடையில் மார்தட்டினான்.

பிப்ரவரியில் மூன்று நாள் அடைமழை. பிடித்து நிறுத்த ஒரு புல்வேர்கூட இல்லாததால் மண் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதினோரு மரங்களின் வேர்கள் வெளியே வந்துவிட்டன. கோடை வெயில் படுவதற்குள் மூடாவிட்டால் அத்தனையும் பட்டுப்போகும். அவனுக்கு இருந்ததே அந்தப் பதினோரு மரம்தான். போன மண்ணெல்லாம் நுன்சியாவின் சாமந்திக்குள் சிக்கி நின்றது.

முகத்தில் ஈயாடாமல் அவள் வாசலில் போய் நின்றான்.

"ஏம்மா, என் மண்ணு உன் நிலத்துல கெடக்கு."

"பாத்தேண்ணே. நான் ஒண்ணும் கூப்பிடல, தானா வந்துச்சு."

"அள்ளிக்கிறேன்."

"தாராளமா. மண்வெட்டி மட்டும் போடாதீங்க, பூ நசுங்கும். கையால அள்ளுங்க. எறும்பு போனாலே தெரியும்னீங்க, நீங்க தெரியமாட்டீங்களா?"

பத்தொன்பது நாள் மண்டியிட்டு, கூடை கூடையாக அள்ளி மேலே சுமந்தான். கடைவாசலில் கூட்டம் குறையவே இல்லை. மரங்கள் பிழைத்தன. மண்ணோடு சாமந்தி விதையும் ஏறிவிட்டது.

அடுத்த ஜனவரியில் அவன் சரிவு முழுக்க ஆரஞ்சு.

"என்ன கந்தோல்ஃபோ, ஒரே களையா இருக்கு?" என்று கடைக்காரன் கிண்டலடித்தான்.

அந்த வெட்கங்கெட்டவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "களையா? மண்ணு போகாம இருக்க நானே பாத்துப் பாத்து வெதச்சதுய்யா. அந்த நுன்சியாகூட என்னைப் பாத்துத்தான் கத்துக்கிட்டா."