பேர்ணடெற் அக்காவின் ஒல்லியன்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் உள்ள எங்கள் பாண் சுடும் தொழிற்சாலையில் பேர்ணடெற் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. மன்னாரிலிருந்து வந்தவர். ரொறன்ரோவில் அவருடைய முதல் வேலை பேஸ்போல் மைதானத்தில் இருக்கைகளைத் துடைப்பது. துடைத்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அதில் பைத்தியமாகிவிட்டார். இப்போது மா குழைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி முதல்நாள் ஆட்டத்தைச் சொல்லுவார். இயந்திரச் சத்தத்தையும் தாண்டி அவர் குரல் கேட்கும்.

டிசம்பரில், நத்தாருக்கு முதல்நாள் மாலை எங்கள் பிரிவில் ஒருவருக்குத்தான் விடுப்பு. இந்த வருடம் அது அக்காவுக்குக் கட்டாயம் வேண்டும். அன்றைய தேவாலயப் பூசையில் அவருடைய மகள் நதீஷா முதல்முறையாகத் தனியே பாடப்போகிறாள். ஆனால் அடுப்படியில் நிற்கும் அன்புராசா அண்ணையும் விடுவதாக இல்லை. லண்டனிலிருந்து அவருடைய தம்பி குடும்பம் வருகிறதாம்.

இருவருடைய சண்டையையும் கேட்டுக் களைத்துப்போன மேற்பார்வையாளர் மாக்கஸ், ஏப்ரலிலேயே ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு வீரரைத் தெரிவு செய்ய வேண்டும். சீசன் முடியும்போது யாருடைய ஆள் கூடுதல் ஓட்டம் எடுத்திருக்கிறாரோ, அவருக்கே விடுப்பு.

இருவரும் ரொறன்ரோ அணியிலிருந்தே தெரிவு செய்தார்கள். அண்ணை எடுத்தது பந்தை வானத்துக்கு அனுப்பும் ஒரு தடியனை. நாங்கள் அவனுக்கு ‘மலை’ என்று பெயர் வைத்தோம். அக்கா எடுத்தது பலமாக அடிக்காத, ஆனால் பறக்கிற மாதிரி ஓடும் ஒல்லியனை.

“உவன் காத்தடிச்சாலே விழுந்திடுவான் அக்கா,” என்றார் அண்ணை.

அண்ணை கிரிக்கெட்காரர். மலை அடித்து மூன்று பேர் ஓடிவந்தால் மூன்றையும் மலைக்கே சேர்த்துக்கொள்வார். பேஸ்போலில் அப்படியில்லை. யார் அடித்தாலும், மூலைகளைச் சுற்றிவந்து கடைசித் தட்டைத் தொடுபவனுக்கே ஓட்டம். அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. யூலையில் மாக்கஸ் தொலைபேசியில் உண்மைக் கணக்கைக் காட்டியபோதுதான் முகம் சுருங்கியது.

“அடிச்சவனுக்கு இல்லாமல் ஓடினவனுக்கோ? உதென்ன நியாயம்?”

ஆனால் ஆகஸ்டில் மலை பொங்கி எழுந்தான். பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துவிட்டுத் தானே சுற்றிவந்து தட்டை மிதித்தான். ஒரு நாள் இல்லை, நாளுக்கு நாள். சீசனின் கடைசி ஞாயிறு வந்தபோது லீக் முழுவதிலும் அதிக ஓட்டம் எடுத்தவர்கள் அந்த இருவரும்தான். அதுவும் சமமாக.

அன்று பிற்பகல் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றோம். கடைசிச் சுற்று, இரண்டு அணிகளும் சமம்; மலையும் ஒல்லியனும் அப்போதும் சமம். ரொறன்ரோவுக்கு இன்னும் ஒரு ஓட்டம் வந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஒல்லியன் முதல் மூலையில் நின்றான். அடிக்க வந்தவன் மலை.

அடித்தான். பந்து சுவரில் மோதித் தெறித்தது. அண்ணை கதிரையில் ஏறிவிட்டார். அக்கா பந்தைப் பார்க்கவே இல்லை, ஓடுகிறவனை மட்டும் பார்த்தார். இரண்டாம் மூலை. மூன்றாம் மூலை. அவன் நிற்கவில்லை. பந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒல்லியன் மண்ணில் சறுக்கிக் கையால் தட்டைத் தொட்டான்.

“பாத்தியளே என்ர மலையை! வெண்டிட்டன்!” அண்ணை இரண்டு கைகளையும் தூக்கினார்.

அக்கா திரையைக் காட்டினார். “நல்லா அடிச்சவன்தான். இப்ப எங்க நிக்கிறான் எண்டு பார், அன்பு.”

மலை இரண்டாம் மூலையில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது. இனி அவன் தட்டுக்கு வர வழியில்லை.

அண்ணை மெதுவாகக் கதிரையிலிருந்து இறங்கினார். அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா உடனே நதீஷாவுக்குத் தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, நான் வாறன். முன் வாங்கிலதான் இருப்பன்.”

வேலைக்குத் திரும்பும்போது அண்ணை அவருக்குப் பக்கத்தில் வந்தார்.

“பிள்ளை பாடேக்க வீடியோ எடுத்து அனுப்புங்கோ அக்கா. என்ர மலை அடிச்சபடியாத்தானே போறியள்.”