தனியாகச் சாப்பிட்ட வில்லன்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். இன்று திருவையாறு பக்கம் என் ரைஸ்மில்லைத் தெரியாதவர் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு, மில் குடோனில் திரை கட்டிப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவேன். முடிந்ததும் படத்தை அலசிப் பேசுவதும் நான்தான். ஊரே வாயைப் பிளந்து கேட்கும்.

அன்று முதல்முறையாக என் மனைவியும் வந்திருந்தாள். தம்பியை வீட்டைவிட்டுத் துரத்திய அண்ணன் கடைசியில் கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு திருந்துகிற கதை. "கோர்ட்டு சீன்ல கத்துறான் பாருங்க, அதுதான் நடிப்பு!" என்றேன்.

"கத்துறதுல என்னங்க இருக்கு?" என்றாள் அவள், பின்வரிசையிலிருந்து. "படம் முழுக்க அந்தாளு தனியாத்தான் சாப்பிடுறான். இலையத் தவிர எதையும் பாக்குறதில்ல. கோர்ட்டுக்குப் போற அன்னிக்குத்தான், பரிமாறுற பொண்டாட்டி முகத்த நிமிந்து பாக்குறான். அங்கயே திருந்திட்டான். கத்துனதெல்லாம் அப்புறம்தான்."

குடோனே கைதட்டியது. "அண்ணே, இனிமே அண்ணியே பேசட்டும். நீங்க படம் ஓட்டுற மெஷினப் பாத்துக்குங்க" என்றான் உரக்கடைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாளும் எனக்கு இப்படித் தட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல் நின்றபடி ரசம் ஊற்றினாள். நானும் இலையையே பார்த்துக்கொண்டிருப்பது திடீரென்று உறைத்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன, கோர்ட்டு சீன் வருதா?" என்றாள்.

"நீயும் ஒரு இலை போட்டு உக்காரு" என்றேன்.

அன்றிலிருந்து சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். குடோனில் இப்போது அவள்தான் பேசுகிறாள், நான் மெஷினைப் பார்க்கிறேன். அவளுக்குக் கைதட்டும்போதெல்லாம் வயிறு எரியத்தான் செய்கிறது. திருந்துவதற்கும் ஓர் அளவு உண்டல்லவா?