ஒரு சொட்டுக் கண்ணீர் போதும்

பாஸ்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது அவர் பாஸ்டரம்மா இல்லை. மாப்பிள்ளை பஸ் டிப்போவில் கணக்கர். மாதச் சம்பளம், பென்ஷன், தலைக்குமேல் கான்கிரீட் கூரை. சில வருஷம் கழித்து அந்த மனிதருக்கு அழைப்பு வந்தது. கர்த்தர் கூப்பிட்டார் என்று வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினார். பெண்டாட்டியை யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் அவரும் போனார்.

போன இடம், மூடிக்கிடந்த ஒரு மெக்கானிக் ஷெட். தரையெல்லாம் எண்ணெய்க் கறை, மேலே ஓட்டைத் தகரம், பின்பக்க அறையில் குடித்தனம். மழை பெய்தால் தகரம் போடும் சத்தத்தில் பிரசங்கம் யார் காதிலும் விழாது. பாஸ்டர் ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார் என்பதால், அதையும் ஆசீர்வாதம் என்று நினைத்தவர்கள் சபையில் உண்டு.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அக்கா தன் வீட்டு விசேஷத்தில் தங்கையின் புருஷனை, "சமூக சேவை பண்றாரு," என்று அறிமுகப்படுத்துவார். ஊழியம் என்ற சொல் அவர் வாயில் நுழையாது. அண்ணன் இன்னும் நல்லவர், விசேஷத்துக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டார். பாஸ்டரம்மா அசரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவரு ஊழியம் செய்றாரு, நான் துணி தைக்கிறேன்," என்று நேராகச் சொல்வார். வீட்டுக்கு வந்து புருஷனை வறுத்தெடுப்பது வேறு விஷயம். அவருடைய தையல் மெஷின்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அது ஓடிய வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை.

இப்படி இருக்கையில், ஒரு பெரிய சபையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வந்தார். பளபளக்கும் சட்டை, மூக்கைத் துளைக்கும் செண்ட். கஷ்டப்படும் ஊழியர்களை வீடியோ எடுத்துப் போடுவார்களாம். பார்த்தவர்கள் மனம் உருகி உதவுவார்களாம். ஷெட்டுக்குப் புதுக் கூரை நிச்சயமாம். பாஸ்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஒழுகும் இடத்திலெல்லாம் வாளியும் குண்டானும் வைத்தே கை ஓய்ந்தவர் அவர். "என்னங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வியாக்கியானம் பண்ணாதீங்க," என்று புருஷனை முந்தின நாளே எச்சரித்து வைத்தார்.

கேமராவோடு வந்தவர்கள் முதலில் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, பாஸ்டரைத் தரையில் உட்கார வைத்தார்கள். கிழிந்த சட்டை ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கிழிந்த சட்டைக்குத் தையல்காரர் வீட்டில் எங்கே போவது? ஒருங்கிணைப்பாளருக்குப் பெரிய ஏமாற்றம்.

"பாஸ்டர், மூஞ்சிய கொஞ்சம் சோகமா வச்சுக்குங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தா போதும்."

"எதுக்கு பிரதர் அழணும்? சந்தோஷமாத்தானே இருக்கேன்."

"அத இப்போ சொல்லாதீங்க பாஸ்டர். கூரை வந்ததுக்கு அப்புறம் சந்தோஷமா இருந்துக்கலாம்."

பாஸ்டரம்மா பல்லைக் கடித்தார். "இத்தனை வருஷம் என்னைய அழ வச்சீங்கல்ல? நீங்க ஒரு தடவை அழுதா குறைஞ்சா போயிடுவீங்க?"

பாஸ்டர் முயன்று பார்த்தார். முகம் வயிற்றுவலிக்காரர் முகமாக ஆனதே தவிர, கண்ணில் ஈரம் வரவில்லை.

"சரி, அம்மா பேசட்டும்," என்று கேமராவைத் திருப்பியபோதுதான் மூலையில் இருந்த மெஷின் ஒருங்கிணைப்பாளரின் கண்ணில் பட்டது. "இது தெரிய வேண்டாம்மா. வசதியான வீடு மாதிரி காட்டிடும்," என்றவர், கொடியில் கிடந்த போர்வையை எடுத்து அதைப் பிணத்தை மூடுவதுபோல் மூடினார். பாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூரையை நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

"பிள்ளைங்க பட்டினி கிடந்ததச் சொல்லுங்கம்மா."

"கிடக்கலையே."

"ஒரு நாள்கூடவா?"

"அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

"சும்மா சொல்லுங்கம்மா. எல்லாம் கர்த்தருடைய நாம மகிமைக்குத்தானே?"

ஆக, கர்த்தரின் மகிமைக்கு இந்த வீட்டுப் பிள்ளைகளின் பட்டினி தேவைப்பட்டது. பாஸ்டர், "பிரதர், போதும்," என்று எழப் பார்த்தார். பாஸ்டரம்மா கையமர்த்தினார். ஒருங்கிணைப்பாளர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"சரிம்மா, இதாவது சொல்லுங்க. ஊழியத்துக்கு ஏன்டா வந்தோம்னு என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கீங்களா?"

"தினமும்தான். மழை பெஞ்சா ரெண்டு தடவை," என்றார் பாஸ்டரம்மா. "ஆனா வெட்கப்பட்டது இன்னைக்குத்தான்."

எழுந்துபோய்ப் போர்வையை உருவி மடித்து வைத்தார். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று மெஷின்முன் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார். அந்தக் கடகடச் சத்தத்தில் மேற்கொண்டு எதையும் எடுக்க முடியவில்லை. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

கூரை வேறொரு சபைக்குப் போனது. அங்கே நன்றாக அழுதார்களாம். செய்தி கேட்டதும் பாஸ்டரம்மாவுக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்களெல்லாம் அவர் கையில் அடிபட்டன.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன பாஸ்டரம்மா, கூரை சும்மாவே போட்டுத் தர்றாங்கன்னு சொன்னீங்க?" என்றார்.

"சும்மாத்தாண்ணே," என்றார் பாஸ்டரம்மா. "நமக்குத்தான் விலை கட்டுப்படியாகல."