பரிவட்டம் கட்டிய தலை

என் அண்ணன் காசுக்கு ஆசைப்பட்டுப் பட்டணத்துச் சடுகுடுக் கட்சிக்கு ஆடப் போனான் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் அன்று கோயில் திடலில் நின்று பார்த்தவர்கள். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாசித் திருவிழாவில் பக்கத்து ஊரோடு சடுகுடு நடக்கும். எங்கள் ஊர்க் கட்சிக்குப் பண்ணை வீட்டுக் கட்சி என்று பெயர். ஆட்டக்காரர்களுக்குத் திருவிழா நாட்களில் சோறு போடுவது பண்ணை வீடு. அதனால் வெற்றியும் அவர்களுடையது. ஆட்டம் முடிந்ததும் பூசாரி அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துணியை எடுத்துவந்து பண்ணையாரின் மகனுக்குத்தான் பரிவட்டம் கட்டுவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர். என் அண்ணனோ, எதிராளிகள் காலைப் பிடித்துத் தொங்கினாலும் அவர்களையும் இழுத்துக்கொண்டு மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்புகிறவன். அவனுக்கு ஒரு தேங்காய் மூடியும் வெற்றிலையும் கிடைக்கும்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த மாசியில், சென்னையிலிருந்து ஒரு மில்காரர் வந்தார். அவருடைய மில்லுக்கென்று ஒரு சடுகுடுக் கட்சி இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் வேலை கொடுப்பார்கள். ஆனால் ஆட்டம்தான் அவன் வேலை. செந்துறைப் பக்கம் அசகாய ஆட்டக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லி, அவனைத் தேடி வந்திருந்தார். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி ஏறிய, கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர் திடலுக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் ஜெயித்து, பரிவட்டமும் கட்டியாகிவிட்டது.

பட்டுக் கட்டிய தலையைப் பார்த்ததும் அவர் நேரே அங்கே போனார்.

"உங்க ஆட்டத்தைப் பத்தி மெட்ராஸ் வரைக்கும் பேச்சுங்க. எங்க மில்லு கட்சிக்கு வர்றீங்களா?"

பண்ணையாரின் மகன் சிரித்துக்கொண்டே நின்றார். ஆடியது தான் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. அம்மன் பட்டு ஏறிய தலையை மறுத்துப் பேசுவது அம்மனையே மறுப்பது போல. என் அப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியலூரில் உறவினர் வீட்டில் தங்கி எட்டாவது தேறியவள். எனக்கு வாயை மூடிக்கொண்டு நிற்க வரவில்லை.

"சார், ஆடினது அவரு இல்லீங்க. எங்க அண்ணன்."

"நாலு எழுத்து படிச்சதும் பொட்டப்புள்ள வாயைப் பாரு" என்றது ஒரு குரல்.

மில்காரர் பண்ணையார் மகனின் வேட்டியைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. அண்ணனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு தடவை சடுகுடு பாடிப் போய்க் காட்டு."

களைத்திருந்த அண்ணன் மறுபடி கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினான். அந்த இடத்திலேயே அவர் அண்ணனை மில்லுக்கு அழைத்தார்.

"கூட்டிக்கிட்டுப் போங்க," என்றார் பண்ணையார். "நம்ம சோத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு. நன்றி இருந்தா நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாண்டா. பண்ணையாரு நெலத்துக் குத்தகையைப் புடுங்கிட்டா எங்கடா போவோம்?"

"பண்ணையாரு மகன் ஆடலைன்னு அவரே சொல்லியிருந்தா நின்னுருப்பேம்ப்பா" என்றான் அண்ணன். விடிந்ததும் மில்காரரோடு கிளம்பிவிட்டான்.

விதைப்புக்கு முன்பே குத்தகை போயிற்று. நாங்கள் உழுத நிலத்திலேயே அப்பா கூலிக்குக் களை எடுத்தார். அடுத்த மாசியில் எங்கள் ஊர் தோற்றது. ஜெயித்த வருடங்களிலெல்லாம் அது பண்ணை வீட்டு வெற்றி. தோற்ற அன்று மட்டும் ஊருக்கு என் அண்ணன் நினைவு வந்தது. காசுக்குப் போன துரோகி என்றார்கள்.

அதற்கடுத்த பொங்கலுக்கு அவன் வந்திருந்தான். பண்ணை வீட்டுக் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மாசிக்கு வந்து ஆடிட்டுப் போப்பா. ஊரு மானம் போவுது. குத்தகையைத் திருப்பித் தர்றதா அய்யா சொல்லச் சொன்னாரு."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் ஒன்றுதான் கேட்டான். "ஜெயிச்சா பரிவட்டம் யாருக்குங்க?"

கணக்கப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. "இது என்னப்பா கேள்வி? வழக்கம் எப்பவும் வழக்கந்தானே!"

அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டான். அப்பா அவனைத் தடுக்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான்தான் அரியலூர் ரயிலடி வரைக்கும் கூடப் போனேன்.

"அங்க மட்டும் உனக்கா பரிவட்டம் கட்டுறாங்க?" என்றேன். அப்பாவின் முதுகு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"கோப்பையை மேனேசருதான் வாங்குவாரு, பாப்பா. போட்டோவுலயும் அவருதான் நடுவுல. கால் ஒடிஞ்சா மறுநாளே வேற ஆளு வந்துருவான், அதுவும் தெரியும்." வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி ஒருத்தரு நின்னு எம் பேரைச் சத்தமாச் சொல்லிக் கூப்புடுறாரு. அத்தனை சனமும் கேக்குது."

வண்டி போன பிறகு நான் தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் என்னைக் காட்டி, "காசுக்குப் போனானே, அவன் தங்கச்சி" என்றார். நான் எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி அண்ணனின் பெயரைச் சொன்னேன்.