பயந்தவளுக்குத்தான் பழைய கார்

எங்கள் பழைய காரை வாங்க வந்து பொனட்டைத் தூக்கி நிறுத்திய பெல்மதுளை முதலாளி கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, காருக்கு அம்மை போட்டீக்கா?" என்று கேட்டார். கேட்கத்தான் தோன்றும். வாட்டர் பம்ப், கார்பரேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று கழற்றக்கூடிய ஒவ்வொரு சாமானிலும் பயறளவு சிவப்புப் பொட்டு இருந்தது. எல்லாம் நகப்பூச்சு. எண்ணெயும் சூடும் பட்டுச் சில கறுத்திருந்தாலும் ஒன்றுகூட அழியவில்லை.

"எங்க மதினி வெச்சது நானா," என்றேன், முஸ்லிம் அண்ணனைக் கூப்பிடும் முறையில். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு நான் நிறையச் சொல்வதென்று தீர்மானித்திருந்தேன். அவரை அழைத்து வந்தது என் கணவர். விலையும் பேசியாகிவிட்டது. காரின் நோய்களையெல்லாம் ஒன்று விடாமல், பொய் கலக்காமல் எடுத்துச் சொன்னால் மனிதர் பயந்து தானாகவே போய்விடுவார் என்று நினைத்தேன். கணவருக்கு எதிரே நின்று பேசிப் பழகாதவளுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது.

மதினி என் கணவருக்கு அக்கா. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, மற்றவர்களைப் போல நகையும் பெரிய டிவியும் கொண்டுவருவாள் என்று, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயமே எதிர்பார்த்தது. அவள் வாங்கியது என்னைவிட வயதில் மூத்த ஒரு ஜப்பான் கார். அதை ஓட்ட அப்போது அவளுக்கே தெரியாது. வாங்கிய பிறகுதான் இரத்தினபுரிக்குப் போய் லைசன் எடுத்தாள், முதல் தடவை தவறி, மறுபடியும் போய். லயத்து வாசல் வரை பாதை இல்லாததால் கார் பெரட்டுக் களத்தின் ஓரத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில் நின்றது. ஆபீஸிலிருந்து வந்த ஐயா ஒருவர், "இது தோட்டத்து எடம், இங்க கார் நிப்பாட்ட முடியாது," என்றார். "நாங்களும் தோட்டத்து ஆளுங்கதானே ஐயா, எங்கள எங்க நிப்பாட்டுறதாம்?" என்று கேட்டாள் மதினி. ஐயா வந்த வழியே திரும்பிப் போனார். கார் அங்கேயே நின்றது. லயத்துப் பெண்களும் விடவில்லை. "கூர ஒழுகுது, வாசல்ல கார் கேக்குதாம்," என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் காதுபடச் சொன்னார்கள். "கூர ஒழுகினா சட்டிய வைக்கலாம். மூச்சு நின்னா எதடி வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் சொன்னது தன் தாயை நினைத்து. மாமியை நான் பார்த்ததில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மலையிலேயே சரிந்து விழுந்தவர். நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்களுக்கு இருந்தது தோட்டத்து லொறி மட்டுந்தான், அதற்கும் ஆபீஸில் போய்க் கேட்க வேண்டும். அன்று லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. கொழுந்து வாடினால் கெட்டுவிடும், இறக்கிவிட்டு வரட்டும் என்றார்களாம். பதினைந்து வயதுப் பெண்ணான மதினி ஆபீஸ் வராந்தாவில் நின்றபடியே இருந்தாள். லொறி திரும்பி வந்து, மாமியை வெறும் சாக்குகளின் மேல் கிடத்தி, கீழே கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அங்க நின்னது நானே கடைசியா இருக்கட்டும். நம்ம வீட்டு ஆளு இனி அந்த வராந்தால நிக்கக் கூடாது." கார் வாங்கியதற்கு அவள் எனக்குச் சொன்ன காரணம் இவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்ததற்குக் காரணம் என் மகன். பிறந்த வருடத்திலிருந்தே அவனுக்கு இழுப்பு. மழை இறங்கினால், பக்கத்துக் காம்பராவில் விறகுப் புகை கூடினால், நெஞ்சுக்குள் விசில் கேட்கத் தொடங்கும். தோட்டத்துப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன், படித்தவள்தான். ஆனாலும் அவன் தூங்கும்போது மூச்சுக்குக் காது வைத்து, வைத்தது சரியா என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் வைப்பவள். கணவர் கொழும்பில் துணிக்கடையில் வேலை. மாதத்தில் ஒருமுறை வருவார். ஆகவே மதினி எடுத்த கையோடு நானும் லைசன் எடுத்தேன். என் பயத்தை எல்லோரும் கேலி செய்தார்கள். காருக்குள் ஏறிய பிறகு அது இரட்டித்தது. "மதினி, ஒரு சத்தம் கேக்குதில்ல? இல்லாட்டி எனக்குத்தான் கேக்குதா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்பேன். ஒரு நாள் அப்படிக் கேட்ட சத்தம், கழன்று விழ இருந்த சைலன்சர். இன்னொரு நாள் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசத் தொடங்கிய பிரேக். அதற்குப் பிறகு மதினி என்னைக் கேலி செய்யவில்லை. "தைரியசாலிக்குப் புதுக் கார் குடுக்கணும் புள்ள. பயந்தவளுக்குத்தான் பழைய கார் சரி. அவதான் காது குடுப்பா," என்றாள். என் பயத்தை ஒரு வேலைக்கு உதவும் பொருளாகப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் பட்டுத்தான் கற்றோம். பனி மூடிய காலைகளில் கார் ஸ்டார்ட் ஆகாது. கராஜ் மெக்கானிக் பாஸ், பெட்டரி போய்விட்டது என்றார். புதுப் பெட்டரி போட்டும் அதே கதை. பிளக் வயர்களிலும் அவை வந்து சேரும் மூடியிலும் ஈரம் இறங்கினால் தீப்பொறி பிறக்காது என்று பிறகுதான் தெரிந்தது. பெட்டரியில் ஒரு குறையும் இல்லை. துணியால் துடைத்தால் போதும். மதினி அதோடு விடவில்லை. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குத் துணியை எடுத்து, இரவில் பொனட்டுக்குள்ளே எஞ்சினுக்குப் போர்த்திவிட்டாள். அருமையாக வேலை செய்தது, அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்த நாள் வரை. காற்றாடி படங்கை இழுத்துக் கிழித்துப் பெரட்டுக் களம் முழுக்கத் தூவியது. வேலைக்கு நின்ற ஆட்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். மதினியும் சிரித்துவிட்டு, அடுத்த படங்கில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் மறுநுனியை ஸ்டீயரிங்கில் முடிந்து வைத்தாள். கயிற்றைத் தொடாமல் இனி யாரும் சாவியைத் திருப்ப முடியாது.

ஏற்றத்தில் கொதித்தது வேறு கதை. முதல் தடவை நீராவி கிளம்பியபோது, அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் வருடக்கணக்காக ஓடைத் தண்ணீரை ஊற்றி, ரேடியேட்டரின் உள்குழாயெல்லாம் துரு அடைத்திருந்தது. அதைக் கழற்றிக் கழுவும் வரை ஒரு தந்திரத்தில் ஓட்டினோம். சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியதும் காருக்குள் ஹீட்டரை முழுவதும் திருகிவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வியர்வை ஒழுக, இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் மலை ஏறுவோம். அப்படியும் நிற்காவிட்டால் ஓரங்கட்டி, பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொறுக்க முடிகிறவரை மூடியைத் தொடக் கூடாது. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. தன் கையைக் காட்டினாள்.

சிவப்புப் பொட்டு வந்தது அதற்குப் பிறகு. ஒரு கராஜில் வாட்டர் பம்ப் மாற்றியதாகச் சொல்லிப் பணம் கேட்டார்கள். பம்ப் பளபளவென்று இருந்தது. வண்டியை விடுவதற்கு முன்பே மதினி தன் நகப்பூச்சில் ஒரு பொட்டை அதன் மேல் வைத்திருந்தது எனக்கே தெரியாது. கொண்டை ஊசியை எடுத்து வெள்ளிப் பெயின்டைச் சுரண்டினாள். கீழே சிவப்பு. "புதுச் சாமானுக்கெல்லாம் இப்ப கடையிலேயே பொட்டு வெச்சா விக்கிறாங்க பாஸ்?" என்று அமைதியாகக் கேட்டாள். நான் வெட்கத்தில் காரின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன், குற்றம் செய்தவள் போல. அன்றிலிருந்து எந்தக் கராஜுக்குப் போனாலும் கழற்றிய சாமான் அவள் கைக்கு வர வேண்டும். அந்தப் பக்கத்துக் கராஜ்களில் அவளுக்குப் பெயரே 'பொட்டு நோனா', பொட்டுக்கார அம்மா. அந்தப் பெயர் வந்த பிறகு யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தன் ஒரே மகளை மேலே படிக்க வைக்க மதினி மறுபடியும் குவைத்துக்குப் போக வேண்டி வந்தது. போவதற்கு முன் காரை என் பெயருக்கு மாற்றினாள். தம்பி பெயருக்கு மாற்றாதது ஏன் என்று கேட்டேன். "அவன் பேர்ல எழுதினா வித்துருவான். உன் பேர்ல எழுதினா, விக்கலாமா வேணாமான்னு நீ ஆயிரம் வாட்டி யோசிப்ப. அதுக்குள்ள காரே கெழவியாகிடும்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கணவர் கெட்டவரில்லை. அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்த காலத்தில் பழைய கார்களின் விலை எகிறியிருந்தது. பெல்மதுளைப் பக்கம் ஒரு துண்டு நிலத்துக்கு முற்பணம் கொடுக்க அவருக்கு அதுதான் வாய்ப்பு. "எத்தன தலமொறைக்கு லயத்துக் காம்பரா? நமக்குன்னு ஒரு பிடி மண்ணு வேணாமா?" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கும் வேண்டும். பல நாள் அவர் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்தேன். யோசித்து முடிப்பதற்குள் முதலாளி வந்து பொனட்டைத் தூக்கிவிட்டார்.

ஆகவே சொன்னேன். பனியில் ஸ்டார்ட் ஆகாது, துடைக்க வேண்டும். ரேடியேட்டர் ஒருமுறை அடைத்தது, மறுபடியும் அடைக்கும். டேங்கின் அடியில் துரு இருக்கிறது. பெற்றோல் பாதிக்குக் கீழே போனால் ஏற்றத்தில் குலுக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். இடது பக்கப் பின்கதவு மழை நாளில் திறக்காது. கணவர் தொண்டையைச் செருமினார். நான் நிறுத்தவில்லை. முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை.

"தங்கச்சி, நான் எத்தனையோ காரு வாங்கி வித்தீக்கிறன். எல்லாரும் ஒரு நோவும் இல்லெண்டுதான் செல்லுவாங்க. நோவெல்லாம் தெரிஞ்சு வெச்சீக்கிற காரு இது ஒண்டுதான். இத நான் விட மாட்டன்," என்றார். பிறகு கணவரிடம், "பேசினதுக்கு மேல போட்டுத் தாரன் தம்பி," என்றார்.

கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் உண்மையே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. இனிச் சுற்றி வளைக்க வழியில்லை. முதலாளியின் பக்கமே திரும்பினேன். "நானா, மன்னிச்சுக்குங்க. இத விக்கிறதில்ல," என்றேன்.

"என்ன புள்ள சொல்ற?" என்றார் கணவர். "நெலம்?"

"வாங்கலாங்க. மெதுவா வாங்கலாம். ஆனா நெலத்துமேல ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மாமிய நெனச்சுப் பாருங்க."

அவர் காரின் மறுபக்கம் போய் நின்றார். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காரு யாரு பேர்ல ஈக்கி?" என்று கேட்டார். "எம் பேர்ல," என்றேன். "அப்ப பேச்சு முடிஞ்சி," என்று பொனட்டைச் சத்தமில்லாமல் இறக்கி மூடினார். நான் கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். கணவர் அடுத்த நாளே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார். நிலத்தை வேறொருவர் வாங்கிவிட்டார். அந்த வழியாகப் போகும்போது இப்போதும் வேகத்தைக் குறைத்து அந்த நிலத்தைப் பார்ப்பேன். செய்தது சரியா என்று யாராவது கேட்டால், என்னால் உடனே பதில் சொல்ல முடியாது. ஆனால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

சில வாரங்கள் கழித்து, பகல் முழுக்க மழை அடித்த ஒரு நாள், நான் பள்ளி விட்டு வந்தபோது மகனுக்கு இழுப்பு ஏறியிருந்தது. விலா எலும்புகள் உள்வாங்கின. கார் முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. இறங்கி, முந்தானையால் வயர்களைத் துடைத்தேன். மூன்றாவது முறை எடுத்தது. இரண்டாம் கியரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்தார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் அவன் மூச்சு சீராகித் தூங்கினான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு முன் நடந்த ஒன்றை. கீழே இறங்கும் வழியில் தோட்டத்து ஆபீஸ் வருகிறது. லொறி வெளியே நின்றது, ஆட்கள் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதினி நின்ற அதே வராந்தாவில் கதிரை போட்டு ஆபீஸ் ஐயா உட்கார்ந்திருந்தார். பாதை நேராக இருந்தது, குறுக்கே ஆளில்லை, மாடில்லை. ஹாரன் அடிக்க ஒரு தேவையும் இருக்கவில்லை. நீளமாக அடித்தேன்.