பீஸ் போகாத வீடு

காவாந்தண்டலத்தில் அப்போது மின்விளக்கு எரிந்தது ஐந்தே வீடுகளில். முதல் வீடு கன்னியப்பனுடையது. வயலில் பம்புசெட்டுக்கு லைன் வந்த கையோடு வீட்டுக்கும் இழுத்துக்கொண்டார். முன்கட்டு ஓடு, பின்கட்டு கூரை, இரண்டிலும் பல்பு. பொழுது சாய்ந்தால் வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, எதையோ தொலைத்தவர்போல் விளக்கடியில் நடமாடுவார். தெரு பார்க்க வேண்டாமா?

இந்தப் பெருமைக்கு ஒரே எதிரி பீஸ். காற்றடித்தால் போதும், பீஸ் கம்பி உருகி வீடு இருண்டுவிடும். பின்கட்டுக் கூரைக்குள் எலி ஒயரின் ரப்பரைக் கொறித்திருந்தது. கூரை ஆடும்போதெல்லாம் கம்பிகள் உரசிக்கொண்டன. அது யாருக்கும் தெரியாது. உத்திரமேரூர் ஒயர்மேன் இருசப்பன், எங்கோ கோளாறு இருக்கிறது, கூரையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றான். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை. கன்னியப்பனும் கூப்பிட்டு அனுப்பவில்லை. கரண்டு வீட்டுக் கூரையைப் பிரிப்பது கௌரவக் குறைச்சல்.

"தலமயிரு மாதிரி கம்பி போட்டா போவாம இன்னா பண்ணும்?" என்று, மோட்டாருக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த செப்புக் கம்பியைத் தாமே மாட்டினார். அதன்பின் எந்தக் காற்றுக்கும் விளக்கு அணையவில்லை. தங்கள் வீட்டிலும் பீஸ் போகிறதென்று மற்ற நான்கு வீட்டாரும் அழைத்தார்கள். போய் மாட்டிவிட்டு, வைத்தியரைப்போலக் கை கழுவிக்கொண்டு வந்தார். கைராசிக்காரர் என்று பெயரே ஆகிவிட்டது.

அந்த ஆடியில் மகள் கனகா தலைப்பிரசவம் முடிந்து பின்கட்டில் குழந்தையோடு படுத்திருந்தாள். காற்று கருப்பு அண்டாதிருக்கப் பகலிலும் பல்பு எரிந்தது. வெளியே ஆடிக்காற்று சுழற்றியடித்த ஒரு மத்தியானம் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ரப்பர் கருகற நாத்தம் வருது நைனா."

"சாம்பிராணி வாசன அது. சும்மா படு."

"இன்னிக்கு அம்மா சாம்பிராணியே போடல."

அப்போதே பாயின்மேல் நெருப்புப் பொறி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரை எரிந்துகொண்டிருந்தது, அதன் நடுவே பல்பும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரோடு ஓடியவரை மனைவி ஆதிலட்சுமி பிடித்துத் தள்ளி, முதலில் மெயினை அணைக்கச் சொன்னாள். குழந்தையை மார்போடு அணைத்து, பச்சை உடம்புக்காரியைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தெருவார் துறட்டி போட்டுக் கீற்றைப் பிரித்தார்கள். பின்கட்டு போயிற்று. குழந்தை இரண்டு தரம் இருமி, வீறிட்டு அழுதது. வீறிட்டு அழுகிற குழந்தைக்கு மூச்சு நன்றாக இருக்கிறது. மேற்கொண்டு கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலை கன்னியப்பனுக்குத்தான். உருகாத கம்பியால்தான் தீப்பிடித்தது என்று புரிந்து, தாம் மாட்டிய கம்பிகளைக் கழற்ற நான்கு வீட்டுக்கும் போனார். யாரும் விடவில்லை. அவர்களில் ஒருவரான வேதகிரி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"நீ உன் கூரையக் கொளுத்திக்கினா, நாங்க இருட்டுல குந்திக்கினு இருக்கணுமா மாப்ள? எங்க வூட்ல நல்லாத்தான எரியுது?"

பேசிப் பார்த்தார். அவர் பேச்சை நம்பி மாட்டிக்கொண்டவர்கள், அவர் பேச்சை நம்பிக் கழற்றச் சம்மதிக்கவில்லை. காற்றடிக்கும் நாட்களில் அவர் அந்த நான்கு வாசல்களையும் சுற்றி, மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டு நடப்பார். கேட்பவர்களிடம், சாப்பிட்டது செரிக்கவில்லை என்பார். அது முழுப் பொய்யும் இல்லை.