கடிக்கிற மீனுக்குத் தனி ஜாடி

தொண்ணூறுகளில், கொழுந்தனின் மனைவியாக உமா டில்லியில் எங்கள் கரோல் பாக் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியாருக்கு அவள் போடும் காபிதான் இனித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

என் மீன் தொட்டியிலும் சண்டை. பழைய கறுப்பு மோலி மீன், புதிதாக விட்ட கப்பியின் வாலைக் கடித்துக் குதறியிருந்தது. கப்பியை வெளியே எடுக்கப் போனேன்.

"அடிபட்டதை ஏன்க்கா எடுக்கிறீங்க? கடிக்கிறதை எடுங்க. கொஞ்ச நாள் ஜாடில தனியா கெடக்கட்டும்," என்றாள் உமா.

இதையும் இவளேதான் சொல்ல வேண்டுமா? எரிச்சலோடு செய்தேன்.

கப்பியின் வால் வளர்ந்ததும் மோலியைத் திரும்ப விட்டேன். இப்போது அதுதான் புதுசு. கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. கப்பி அதைத் துரத்தவில்லை. பக்கத்திலேயே பாசி மேய்ந்தது.

"அச்சா! சமத்து," என்று கப்பியைப் பார்த்துச் சிரித்த உமா, எனக்கும் காபி கொண்டுவந்தாள். முதல்முறையாக வாங்கிக் குடித்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது.